பத்துக்கு இடப்பக்கம்

மிஸ்ஸுக்கு எந்தப் படத்தையும் இரண்டு முறை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். முதலில், எந்த அளவு எத்தனை தடவை வந்தது என்று காட்டும் செங்குத்துக் கட்டைகள் மட்டும். அதைப் பார்த்து முடித்த பிறகு, அதே கட்டைகளின் மேல் வளைகோடு போட்ட இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஒரே தாளாக நீட்டினால் வாங்க மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"கோட்டை முதலே காட்டினா கண் அதுக்குப் பின்னாலை போயிடும் பிள்ளை. கட்டை என்ன சொல்லுது எண்டு பேந்து ஆர் கேக்கிறது?"

எங்கள் பிரிண்டர் ஊசிகளால் குத்திக் குத்தி ஒரு பக்கம் அடிக்க நாலைந்து நிமிடம் எடுக்கும். மாதக் கடைசியில் இருபது படங்கள். அதை இரண்டால் பெருக்கினால் எனக்கு எத்தனை பஸ் தவறியிருக்கும் என்று தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ரப்பர் கையுறைக்கு உலகமெங்கும் திடீரென்று கிராக்கி வந்தது. மலாய் மண்ணில், எங்கள் கிள்ளான் நகரைச் சுற்றி அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள் எழும்பின. அப்படி ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், அளவுத் தாள்களில் இருப்பதைக் கணினியில் ஏற்றுகிற வேலைக்கு நான் சேர்ந்தேன். எனக்கு இருபது வயது. வேலையை வாங்கிக் கொடுத்தது எங்கள் பக்கத்து வீட்டுக் கலா அக்கா. அவள் அதே தொழிற்சாலையில் கையுறைகளின் தடிமனை அளக்கும் மூன்று பெண்களில் ஒருத்தி.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் மிஸ். நாற்பது தாண்டிய வயது. பருத்திப் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை என்பார், ஆனால் தாத்தாவோடு கப்பலில் வந்த பேச்சு அப்படியே வாயில் இருந்தது. முன்பு அரசாங்கத்தில் புள்ளிவிவர வேலை பார்த்தவர். ஏன் விட்டார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மாதம் அவரோடு வேலை பார்த்தபின் எனக்கு ஓரளவு புரிந்தது.

அவரால் எதற்கும் "சரி" என்று சொல்ல முடியாது. "இருக்கட்டும், பாப்பம்" என்பதுதான் அவருடைய சம்மதம்.

எங்கள் கணினியில் இருந்த மென்பொருளுக்கு எண்களைக் கொடுத்தால் கட்டைகளை நிறுத்தித் தரும். பிறகு எந்த வகை வளைகோடு வேண்டும் என்று கேட்கும். மணி போல இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவது ஒன்று, ஒரு பக்கம் வால் நீண்டது ஒன்று, இப்படிப் பட்டியலே உண்டு. எதைக் கேட்டாலும் கணக்குப் போட்டு, கட்டைகளின் மேல் பொருத்திக் காட்டும். மற்ற தொழிற்சாலைகளில் மணிக்கோட்டைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். மிஸ் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் கட்டைகளின் அகலத்தை மாற்றச் சொல்வார். ஒருமுறை, ஏழு கட்டையாக வைத்தபோது அழகான ஒரே மலையாக இருந்தது, இருபது கட்டையாக்கியதும் நடுவில் பிளந்து இரண்டு மலையானது. இரண்டு தொட்டிகளில் ரப்பர் பால் வெவ்வேறு கெட்டியில் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளும் என் அறிக்கை மேசையில் கிடந்தது, மேனேஜர் மிஸ்டர் லிம் போனில் என்னைத்தான் திட்டினார்.

"மெஷின் நாங்கள் கேட்ட கோட்டைத் தரும் பிள்ளை. பொருந்துதோ எண்டது அதின்ரை கவலை இல்லை."

பஸ் விஷயத்திலும் அப்படித்தான். தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வருவார். எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்று சின்ன நோட்டில் எழுதி வைப்பார். "சராசரி எவ்வளவு மிஸ்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சராசரி பஸ்ஸிலை ஆரும் ஏறேலாது. வாற பஸ்ஸிலைதான் ஏறலாம்" என்றார்.

மூன்று மாதம் முடிந்ததும் என் வேலையை நிரந்தரமாக்கும் படிவம் அவரிடம் போனது. "கவனம் உண்டு. அவசரமும் உண்டு. முடிவு சொல்ல மூன்று மாதம் போதாது" என்று எழுதி அனுப்பிவிட்டார். நிரந்தரம் இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போனது. அன்றைக்குக் கழிப்பறையில் நின்று அழுதேன். கலா அக்கா வந்து முகத்தைக் கழுவிவிட்டாள்.

"விடுலா. அந்த அம்மா கடவுளைப் பாத்தாக்கூட இன்னொரு தடவை வந்து காட்டுன்னுதான் சொல்லும்."

நடந்ததைச் சொல்வதற்குமுன் அந்த அளவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே தடவையில் செய்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில கையுறைகளை எடுத்து, விரல் பகுதியை வெட்டி, கடிகாரம் போல ஊசி நகரும் ஒரு கருவியில் வைத்துத் தடிமனைப் பார்ப்பார்கள். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கணக்கு. பேச்சில் வெறும் "பத்து", "பதினொண்ணு" என்றுதான் சொல்வார்கள். பத்தும் அதற்கு மேலும் தேறும். ஒன்பது விழுந்தால் லாட் நிற்கும். லைனை நிறுத்த வேண்டும், அன்றைய இலக்கு போய்விடும், ஓவர்டைம் போய்விடும்.

லைன் சூப்பர்வைசர் சந்திரன் அண்ணன் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எல்லாருக்கும் முறுக்கு கொண்டு வருவார். கத்தியதே கிடையாது. ஊசி ஒன்பதில் நிற்பதை யாராவது சொன்னால் பக்கத்தில் வந்து குனிந்து, "நல்லாப் பாரும்மா. பத்தாத்தான் இருக்கும்" என்பார். அவ்வளவுதான். சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார். அந்தப் பெண்கள் இன்னொரு முறை பார்ப்பார்கள். பத்தாகத்தான் இருக்கும்.

எனக்கு அது தெரியும். தாள்கள் என் கைக்குத்தானே வந்தன. ஒன்பது என்று எழுதி, அதன் வட்டத்தைப் பூஜ்யமாக்கி, முன்னால் ஒன்று போட்டிருப்பது பேனாவின் அழுத்தத்தில் தெரியும். கலா அக்காவின் தாளில் அதிகம். நான் பத்து என்று தட்டிக்கொண்டே போனேன். தாளில் இருப்பதை ஏற்றுவதுதானே என் வேலை.

ஒருநாள் மாத அறிக்கையைக் கொடுத்தேன். முதல் தாளை, கட்டைகள் மட்டும் உள்ளதை, மிஸ் நிறைய நேரம் பார்த்தார். பிறகு கோடு போட்ட தாளை வாங்கினார். மணிக்கோடு பதின்மூன்றில் உயர்ந்து இடப்பக்கம் சரிந்து, பத்தைக் கடந்து, ஒன்பது, எட்டு வரைக்கும் மெலிந்துபோய்க்கொண்டிருந்தது. கட்டைகள் அப்படி இல்லை. பத்தில் ஒரு உயரமான கட்டை, அதற்கு இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. சுவர் வைத்த மாதிரி.

"கோடு உங்காலை போகுது. கட்டை ஏன் போகேல்லை?"

"ரிஜெக்ட் இல்ல மிஸ். நல்லதுதானே?"

"ஒரு ரிஜெக்ட்டும் இல்லையோ? ஒரு மாசமா?"

வேறு கோடுகளைப் போடச் சொன்னார். போட்டேன். வால் நீண்டது, சாய்ந்தது, குட்டையானது என்று பட்டியலில் இருந்த எல்லாம். ஒவ்வொன்றும் பத்துக்கு இடப்பக்கம் கொஞ்சமாவது இறங்கியது, அல்லது பத்தின் மேல் நின்ற அந்த உயரமான கட்டையை எட்ட முடியாமல் கீழேயே கடந்து போனது. மாலை ஆறரை ஆகிவிட்டது. நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பிள்ளை, தாளிலை ஏதும் வித்தியாசமா இருந்ததோ? திருத்தினது, அழிச்சது?"

"இல்ல மிஸ்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "இருக்கட்டும், பாப்பம்" என்றார்.

ஒவ்வொரு லாட்டிலும் சில கையுறைகளை எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியில் போட்டு ஸ்டோரில் வைப்பது வழக்கம். மறுநாள் காலை மிஸ் ஊசிக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். என்னையும் எழுத வரச் சொன்னார். தகரக் கூரை, காற்றாடி இல்லை, ரப்பரும் கையுறையில் தூவும் மாவும் கலந்த வாடை. ஒரு ஸ்டூலில் அவர், கவிழ்த்த பெட்டியின் மேல் நான். இரண்டு நாள். அவர் அளப்பார், சொல்வார், நான் எழுதுவேன்.

"பன்ரெண்டு. பத்து. ஒம்பது. ஒம்பது. பதினொண்டு. எட்டு."

எழுதினேன். வியர்வை தாளில் சொட்டியது. இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று மனதுக்குள் திட்டினேன். இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு கையுறையைத் தன் கையில் மாட்டி விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதை ஆரோ ஒரு நர்ஸ் போடுவாள். அவளுக்கு எங்கடை கோடு தெரியாது. கையிலை கிழிஞ்சாத்தான் தெரியும்."

அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றியபோது கட்டைகள் பத்தைத் தாண்டி இடப்பக்கம் இறங்கின. பத்தின் மேல் நின்ற உயரமான கட்டை குட்டையானது. மணிக்கோடு, கிட்டத்தட்ட, அதன் மேல் படிந்தது. அதற்கும் மிஸ் சந்தோஷப்படவில்லை. வலப்பக்கம் கோடு கொஞ்சம் விலகுகிறது என்று முணுமுணுத்தார்.

இரண்டு படங்களையும் மிஸ்டர் லிம்மிடம் கொண்டு போனார். அறிக்கையில் ஆள் பெயர் ஒன்றும் இல்லை. "பதியப்படும் அளவுகளுக்கும் உண்மையான அளவுகளுக்கும் வேறுபாடு உள்ளது. லைனில் உள்ள நெருக்கடியைக் கவனிக்க வேண்டும்" என்று இருந்தது. தட்டச்சு செய்தவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பெண்களையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். பொய் அளவு எழுதியதற்காக. சந்திரன் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கலா அக்கா லாக்கரிலிருந்து செருப்பையும் குடையையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "உன் மிஸ்ஸுகிட்ட சொல்லு. அவங்க கோடு இப்ப நல்லாப் பொருந்துதான்னு கேளு." மற்ற இருவரும் வாசலில் காத்திருந்தார்கள்.

மிஸ் மேனேஜர் அறைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் அளவைத்தான் சொன்னனான். ஆக்களைச் சொல்லேல்லை."

"அளவை எழுதுனது ஆளுங்கதானே மிஸ்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மூன்று பேரும் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். மிஸ் தானாகவே கலா அக்கா வீட்டுக்குப் போய், சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னார். அக்காவின் அம்மா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அக்கா ஒப்புக்கொண்டாள். வேறு யாரும் வருவதாக இல்லை.

அடுத்த மூன்று வாரம் மிஸ் அந்தப் பெண்களுக்காக ஒரு படம் தயாரித்தார். நான் அவரிடம் பார்த்ததிலேயே பெரிய வேலை அதுதான். பழைய தாள்கள் அத்தனையையும் தேதிவாரியாகப் பிரித்தார். முந்தைய வருடம் சந்திரன் அண்ணன் பழனிக்குப் போவதற்காக மூன்று வாரம் விடுப்பு எடுத்திருந்தார். அந்த மூன்று வாரத் தாள்களில் ஒன்பதும் எட்டும் தாராளமாக இருந்தன. அளந்தது அதே பெண்கள். கட்டைகள் இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சரிந்தன. சந்திரன் அண்ணன் திரும்பி வந்த நாளிலிருந்து மறுபடியும் பத்தில் சுவர். இரண்டையும் தனித்தனித் தாளில் அடித்து, வளைகோட்டை மட்டும் கண்ணாடித் தாளில் வரைந்து எடுத்தார். அதை முதல் படத்தின் மேல் வைத்தால் படியும். இரண்டாவதன் மேல் வைத்தால் இடப்பக்கம் வெறும் கோடு அந்தரத்தில் தொங்கும். யார் நின்றால் ஒன்பது மறைகிறது என்று குழந்தைக்கும் தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

விசாரணை நாளன்று பல்வலி என்று சொல்லி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தேன். கம்பெனி சார்பில், ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் வந்திருந்தார். விசாரித்த அதிகாரிக்கு முன்னால் ஏற்கெனவே பத்துப் பதினைந்து கோப்புகள் இருந்தன.

மிஸ் படத்தை விரித்துக் கண்ணாடித் தாளை அதன் மேல் வைத்தார். மேலே சுற்றிய காற்றாடி அதைத் தூக்கிக் கீழே போட்டது. எடுத்து வைத்தார். மறுபடியும் பறந்தது. அதிகாரியே குனிந்து எடுத்துக் கொடுத்து, இது என்ன என்று மலாயில் கேட்டார். மிஸ் விளக்கத் தொடங்கினார். கட்டை என்றால் என்ன, கோடு என்றால் என்ன, இந்தக் கோட்டை ஏன் தேர்ந்தெடுத்தோம், மற்ற நாலு கோடுகளை ஏன் விட்டோம். நான் பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மிஸ், சந்திரன் அண்ணன் நின்றால் ஒன்பது வராது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் சொன்னார்தான். நாலாவது நிமிடத்தில், ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில். அதற்குள் அதிகாரி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

பர்சனல் ஆபீசர் எழுந்தார். இரண்டே கேள்விகள்.

"இந்தக் கோடு இந்தக் கட்டைகளுக்கு முழுமையாகப் பொருந்துகிறதா?"

மிஸ் யோசித்தார். "முழுக்க இல்லை. வலப்பக்கம் கொஞ்சம் விலகுது."

"இந்த மூன்று பெண்களும் பொய் அளவுகளை எழுதினார்களா?"

கலா அக்கா மிஸ்ஸைப் பார்த்தாள்.

"எழுதினவை" என்றார் மிஸ். "ஆனா..."

அந்த ஆனாவுக்குப் பிறகு அவர் சொன்னதை அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை. சூப்பர்வைசர் அப்படி எழுதச் சொன்னதை நேரில் கேட்டவர்கள், தாளில் திருத்தியதைப் பார்த்தவர்கள், தொழிற்சாலையிலிருந்து வேறு யாராவது உண்டா என்று பொதுவாகக் கேட்டார். காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு முன்னால் இருந்த பெஞ்சின் முதுகில் யாரோ பேனாவால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீக்கியது சரி என்று முடிந்தது. வெளியே படியில் கலா அக்கா நின்றாள்.

"மிஸ், நீங்க ஆமான்னு மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்லா."

"அவையள் கேட்டவை பிள்ளை, பொய் சொல்லேலாது" என்றார் மிஸ்.

அதன்பிறகு அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. கணினியை மட்டும் உற்பத்திப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு பையன் மணிக்கோட்டைப் போட்டு, ஒரே தாளாக, ஐந்து மணிக்குள் அனுப்பிவிடுவான். புதிய பெண்கள் அளந்தார்கள். பத்தில் சுவர் நின்றது. மிஸ் வரைபடத் தாளும் பென்சிலும் வாங்கிக் கையால் கட்டைகளை வரைந்தார். மாதம் ஒரு மெமோ. "பத்துக்குக் கீழ் அளவுகள் பதியப்படவில்லை. மறுபடியும் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்." நான் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுப்பேன். பதில் வராது. ஏழாவதோ எட்டாவதோ மெமோவில் என் பொறுமை போய்விட்டது.

"யாரும் படிக்கல மிஸ். குப்பையில போடுறாங்க. நான் கண்ணால பாத்தேன்."

"ஓம், தெரியும்."

"அப்புறம் ஏன்? வேற எடத்துல வேலை கிடைக்காதா உங்களுக்கு?"

"நான் போனா உந்தக் கட்டையை ஆர் பாக்கிறது?"

"இப்ப மட்டும் யார் பாக்குறா?"

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பென்சிலைப் பிடுங்கி வீசலாம் போல இருந்தது. அவர் நியாயமாகத்தான் இருந்தார். அந்த நியாயத்தால் யாருக்கும் ஒரு நல்லதும் நடந்து நான் பார்க்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் போனது. பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு கொண்டெய்னர் திரும்பி வந்தது. வாங்கியவர்கள் தாங்களே அளந்து பார்த்திருக்கிறார்கள். மிஸ்டர் லிம் மிஸ்ஸைக் கூப்பிட்டு, ஏன் முன்பே தெளிவாகச் சொல்லவில்லை என்று கேட்டார். மிஸ் மெமோக்களின் நகல் கோப்பை மேசையில் வைத்தார். மிஸ்டர் லிம் நாலைந்தைப் புரட்டிவிட்டு, மொழி கொஞ்சம் சுற்றி வளைத்து இருக்கிறது என்றார். கணினி திரும்பி வந்தது. சந்திரன் அண்ணனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இனி என்ன வேண்டும் என்று கேட்டபோது, அந்த மூன்று பெண்களையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று மிஸ் கேட்டார். பத்து நாள் இழுத்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். இருவர் வந்து சேர்ந்தார்கள்.

கலா அக்கா அப்போது கிள்ளானில் ஒரு புடவைக்கடையில் வேலை பார்த்தாள். மிஸ்ஸும் நானும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனோம். மிஸ் கடிதத்தைக் கொடுத்தார். அக்கா நின்றபடியே படித்தாள். மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"வேணா மிஸ். அந்த ஊசியை இனிமே என்னால பாக்க முடியாது. இங்க நீளம் ஆறு மீட்டர்னா ஆறு மீட்டர்தான். யாரும் பக்கத்துல வந்து நிக்கிறதில்ல."

திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் நின்றோம். மிஸ் அந்தக் கடிதத்தை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். சொன்னேன். தாள்களில் ஒன்பது பத்தானது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று. அவர் கேட்ட அன்று பொய் சொன்னேன் என்று. விசாரணையிலும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று.

"தெரியும் பிள்ளை."

"எப்படி மிஸ்?"

"ஸ்டோரிலை நான் ஒம்பது, எட்டு எண்டு சொல்லச் சொல்ல நீர் எழுதினீர். ரெண்டு நாளா. ஒருக்காவும் நிமிர்ந்து பாக்கேல்லை."

பஸ்கள் வந்து போயின. நான் கேட்டேன். "அப்புறம் ஏன் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடல?"

"உமக்கு வேலை நிரந்தரமாகி ஒரு மாசம்தான். கூப்பிட்டிருந்தா உமக்கும் போயிருக்கும்." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அது பிழை. கூப்பிட்டிருக்க வேணும்."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிற பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. கலா அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தாள்களில் பார்த்ததையும் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். அவள் வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீ பாத்திருப்பேன்னு எனக்கும் தெரியும்லா. உன் கைக்குத்தான தாள் வந்துச்சு. சின்னப் பொண்ணு, பயந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்." இரண்டு கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "உன் மிஸ்ஸுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"ஸ்டோர்ல அளந்த நாள்லருந்து. விசாரணைக்கு முன்னாடியே."

அக்காவின் கை கொடியிலேயே நின்றது. நனைந்த சட்டையிலிருந்து தண்ணீர் அவள் முழங்கை வழியாக இறங்கிச் சொட்டியது.

"அப்ப உனக்காக அந்தம்மாவுக்கும் வாயை மூடத் தெரிஞ்சிருக்கு" என்றாள். சட்டையைக் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்கதவைச் சாத்தவில்லை. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.